8 ஜிபி ரேம் போட்டும் 3 ஜிபிதான் வேலை செய்யுதா? கடைக்குப் போகும் முன் இதைப் பாருங்க!

சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டி வேலூர் பக்கம் போனால் வருகிற ஊர் தாமல். பரந்து கிடக்கும் ஏரி, ஊருக்குள் வராகீஸ்வரர் கோயில், தாமோதரப் பெருமாள் கோயில், காஞ்சிப் பட்டின் தறிச் சத்தம் எனப் பழைய தொண்டை நாட்டு வாசம் மாறாத ஊர்.

இந்த வட்டாரத்தில் ஒரு நெசவு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் குழித்தறி. மூலையில் ஒரு பழைய மடிக்கணினி. பகலில் அப்பா அதில் புட்டா டிசைன் பார்ப்பார். இரவில் மகள் கல்லூரி புராஜெக்ட் செய்வாள். நான்கு டேப் திறந்தாலே கணினி மூச்சு வாங்குகிறது. "ரேம் கூட்டினா சரியாகிடும்" என்று யாரோ சொல்ல, சேலைக் கூலியில் கொஞ்சம் எடுத்து 8 ஜிபி ரேம் வாங்கிப் போட்டாயிற்று. வீட்டுக்கு வந்து பார்த்தால் வேகத்தில் மாற்றமே இல்லை. செட்டிங்ஸைத் திறந்தால் ஒரு விசித்திரமான வரி: நிறுவப்பட்டது 8 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 2.94 ஜிபி.

மீதி 5 ஜிபி எங்கே போயிற்று? "போர்டு போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று கடையில் சொன்னால் நம்பிவிடுவதா? புது மடிக்கணினி என்றால் பல மாதக் கூலி. ஆனால் இந்தப் பிரச்னைக்குப் பெரும்பாலும் புது மெஷின் தேவையே இல்லை. பல நேரங்களில் ஒரு பைசா செலவில்லாமல் வீட்டிலேயே காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

ரேம் என்பது தறி, ஹார்டு டிஸ்க் என்பது பரண்

மொபைலோ கணினியோ, ரெண்டு வகை நினைவகம் இருக்கிறது. போட்டோ, வீடியோ, பாட்டு எல்லாம் நிரந்தரமாக இருப்பது ஸ்டோரேஜில். அதைப் பரண் என்று வைத்துக்கொள்ளலாம். நூல் கண்டு எவ்வளவு வேண்டுமானாலும் பரணில் இருக்கலாம். ஆனால் நெய்ய வேண்டுமென்றால் பாவைத் தறியில் ஏற்றித்தான் ஆக வேண்டும். அந்தத் தறிதான் ரேம். இப்போது நடக்கிற வேலை மட்டும் அதில் இருக்கும். மின்சாரம் போனால் அதிலிருப்பது அழிந்துவிடும்.

தறியில் இடம் போதவில்லை என்றால் கணினி என்ன செய்யும்? பாதி வேலையைப் பரணில் தூக்கி வைத்துவிட்டு, தேவைப்படும்போது மறுபடி இறக்கும். இந்த ஏற்றி இறக்குகிற நேரத்தைத்தான் நாம் "ஹேங் ஆகுது" என்கிறோம். அதனால்தான் ரேம் கூடினால் வேகம் கூடுகிறது. ஆனால், போட்ட ரேம் முழுவதும் கணினியின் கைக்கு எட்ட வேண்டும்.

429 கோடி முகவரி... அதற்கு மேல் கிடையாது!

காஞ்சிபுரம்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். 240 கொக்கி உள்ள பெட்டி என்றால், அந்தக் கொக்கிகளில் கட்டிய இழைகளை மட்டும்தான் அது தூக்கும். கொக்கி பிடிக்காத இழை பாவில் எவ்வளவு இருந்தாலும் டிசைனில் எழும்பாது.

கணினியிலும் இதே கதைதான். ரேமில் உள்ள ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண் உண்டு. 32 பிட் விண்டோஸ் அந்த எண்ணை 32 இலக்கங்களில் எழுதுகிறது. ஒவ்வோர் இலக்கமும் 0 அல்லது 1. மொத்தம் எத்தனை எண்கள் எழுதலாம்? 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. இதுதான் 4 ஜிபி. அதற்கு மேலே உள்ள ரேமுக்குக் கதவு எண் கொடுக்கவே வழியில்லை.

அந்த 4 ஜிபியாவது முழுதாகக் கிடைக்குமா என்றால், அதுவும் கிடையாது. திரை, நெட்வொர்க் கார்டு போன்ற பாகங்களுக்கும் அதே பட்டியலிலிருந்துதான் எண் ஒதுக்க வேண்டும். அதனால் பெரும்பாலான மெஷின்களில் 3 ஜிபி முதல் 3.5 ஜிபி வரைதான் மிஞ்சும். சிலவற்றில் அதற்கும் கீழே. நம் கற்பனை வீட்டில் வந்த 2.94 ஜிபி இப்படி வந்ததுதான். ரேம் நன்றாக இருக்கிறது, போர்டும் நன்றாக இருக்கிறது. விண்டோஸ்தான் பழைய வகை.

விண்டோஸின் பதிப்பும் வேலி போடும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்ற பதிப்பு 2 ஜிபிக்கு மேல் தொடாது. விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 64 பிட்டாக இருந்தாலும் 8 ஜிபிதான். விண்டோஸ் 10 ஹோம் 64 பிட் என்றால் 128 ஜிபி வரை போகும். அந்தக் கவலை வீட்டு மெஷினுக்குத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் இது பல வீடுகளுக்குப் பொருந்துகிற விஷயம். 2011 செப்டம்பர் 15 அன்று அண்ணா பிறந்தநாளில் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எல்காட் மூலம் வாங்கி மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அந்த மடிக்கணினிகளில் தொடக்க காலத்தில் 2 ஜிபி ரேம்தான் இருந்தது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த அந்த மெஷினைத் தூசி தட்டி, ரேம் கூட்டி, தம்பி தங்கைக்குக் கொடுக்கிற வீடுகள் இன்றும் உண்டு.

முதலில் இந்த ஒரே ஒரு கேள்வி

டாக்டர் முதலில் நாடி பார்ப்பது போல, இங்கேயும் முதல் சோதனை ஒன்று உண்டு. கணினியை ஆன் செய்ததும், விண்டோஸ் வரும் முன் எஃப் 2, டெலிட் அல்லது எஃப் 10 பட்டனைத் தட்டினால் பயாஸ் என்ற திரை வரும். எந்த பட்டன் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அங்கே எவ்வளவு ரேம் காட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். எதையும் மாற்ற வேண்டாம்.

பயாஸில் 8 ஜிபி காட்டி, விண்டோஸில் குறைவாகப் பயன்படுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் மென்பொருள் பக்கம் அல்லது அமைப்புகள் பக்கம். பயாஸிலேயே 4 ஜிபிதான் காட்டுகிறது என்றால் ரேம் அட்டை, அது உட்காரும் ஸ்லாட், அல்லது போர்டின் வரம்பு. இந்த ஒரு பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

பயாஸில் சரி, விண்டோஸில் குறைவா?

1. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போங்கள். சிஸ்டம் டைப் என்ற இடத்தில் இரண்டு தகவல் இருக்கும். ஒன்று விண்டோஸ் எத்தனை பிட் என்பது, இன்னொன்று பிராசஸர் எந்த வகை என்பது. "32 பிட் ஆபரேட்டிங் சிஸ்டம், எக்ஸ் 64 பிராசஸர்" என்று இருந்தால் நல்ல செய்தி. மெஷினுக்கு 64 பிட் திறமை இருக்கிறது, விண்டோஸை மாற்றினால் போதும். பிராசஸரே எக்ஸ் 86 என்றிருந்தால் விண்டோஸில் 4 ஜிபி எல்லையைத் தாண்ட முடியாது. அதற்கு மேல் ரேமுக்குச் செலவு செய்யாதீர்கள்.

2. 64 பிட் விண்டோஸ்தான், ஆனாலும் குறைகிறதா? விண்டோஸ் பட்டனோடு ஆர் பட்டனை அழுத்தி, எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்று எட்டு ஆங்கில எழுத்துகளையும் சேர்த்து அடியுங்கள். வருகிற பெட்டியில் பூட் பகுதிக்குப் போய், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸைத் திறங்கள். மேக்ஸிமம் மெமரி என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். "இங்கே டிக் போட்டால் வேகம் கூடும்" என்று சொல்கிற வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. உண்மை நேர்மாறானது. இந்தக் கட்டம் ரேமைக் குறைத்துச் சோதித்துப் பார்ப்பதற்காக வைக்கப்பட்டது. டிக் போட்டால் வரம்பு விழும், கூடுதலாக ஒன்றும் வராது.

3. 8 ஜிபி போட்டு 5.9 ஜிபியோ 6.9 ஜிபியோ காட்டுகிறதா? தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்களில், திரையில் படம் வரைய ரேமிலிருந்தே ஒரு பங்கு ஒதுக்கப்படும். சிலவற்றில் 512 எம்பி, சிலவற்றில் 2 ஜிபி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் ஹார்டுவேர் ரிசர்வ்டு என்ற வரியில் அந்தக் கணக்கு இருக்கும். சில மெஷின்களில் பயாஸில் இதைக் குறைக்கலாம். பல மடிக்கணினிகளில் அந்த வசதியே இருக்காது. இது பழுது கிடையாது. 7.8 ஜிபி, 7.7 ஜிபி என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம், அது சகஜம்.

4. பழைய டெஸ்க்டாப் போர்டுகள் சிலவற்றில் பயாஸுக்குள் மெமரி ரீமேப் என்ற அமைப்பு இருக்கும். அது அணைந்திருந்தால் 64 பிட் விண்டோஸிலும் 4 ஜிபியில் ஒரு பங்கு காணாமல் போகும். அதை ஆன் செய்தால் திரும்பி வரும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. டாஸ்க் மேனேஜரில் "3.1 / 7.8" என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "பாதி ரேம்கூட வேலை செய்யல" என்று பதறுபவர்கள் இருக்கிறார்கள். முதல் எண் இந்த நிமிடம் பயன்பாட்டில் உள்ளது, இரண்டாவது எண் மொத்தம். இரண்டாவது எண் சரியாக இருந்தால் எல்லாம் சரி. கூடத்தில் பத்துப் பாய் இருக்கிறது, இப்போது நாலு பேர்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பயாஸிலேயே குறைவா?

விண்டோஸ் 10, 11 இருந்தால் அதே டாஸ்க் மேனேஜரில் ஸ்லாட்ஸ் யூஸ்டு என்ற வரியையும் பாருங்கள். இரண்டு அட்டை போட்டிருக்கிறீர்கள், ஆனால் "2-ல் 1" என்று காட்டினால் ஒன்றை மெஷின் பார்க்கவே இல்லை.

பெரும்பாலும் அட்டை சரியாக உட்காராததுதான் காரணம். ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிகிற பேட்டரி என்றால் கழற்றிவிடுங்கள். பேட்டரி உள்ளேயே திருகப்பட்ட மாடல் என்றால் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது. ஒரு இரும்புப் பொருளைத் தொட்டு, உடம்பிலிருக்கும் நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டு, அட்டையின் ஓரங்களை மட்டும் பிடித்து எடுங்கள். பொன்னிறத் தொடுமுனைகளில் விரல் படக் கூடாது. மறுபடி சாய்வாகச் செருகி, இரண்டு பக்கக் கிளிப்பும் 'டிக்' என்று பூட்டும் வரை கீழே அழுத்துங்கள்.

அப்படியும் வரவில்லையா? ஒரு நேரத்தில் ஓர் அட்டையை மட்டும் போட்டு, ஸ்லாட் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஓர் அட்டை எந்த ஸ்லாட்டிலும் வேலை செய்யவில்லை, இன்னொன்று எல்லாவற்றிலும் வேலை செய்கிறது என்றால் கோளாறு அட்டையில். பில்லை எடுத்துக்கொண்டு போய் வாரன்டியில் மாற்றலாம். ஒரு ஸ்லாட்டில் எந்த அட்டையைப் போட்டாலும் வரவில்லை என்றால் கோளாறு ஸ்லாட்டில். அப்போதும் இருக்கிற ஒரே ஸ்லாட்டில் பெரிய அட்டையாகப் போட்டுச் சமாளிக்க முடியும், போர்டின் வரம்பு இடம் கொடுத்தால்.

அந்த வரம்புதான் கடைசிக் காரணம். ஒவ்வொரு மாடலுக்கும் இவ்வளவு ரேம்தான் தாங்கும் என்று கம்பெனியே எழுதியிருக்கும். மடிக்கணினியின் அடியில் இருக்கிற மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் தெரிந்துவிடும். 4 ஜிபி வரம்புள்ள மெஷினில் 8 ஜிபி அட்டையைப் போட்டால் குறைவாகக் காட்டலாம், ஆன் ஆகாமலும் போகலாம். டிடிஆர் 3, டிடிஆர் 4, டிடிஆர் 5 என்று தலைமுறைகளும் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது, வெட்டு இருக்கிற இடமே வேறு. உள்ளே போகவில்லை என்றால் அழுத்தம் கொடுக்காதீர்கள்.

64 பிட்டுக்கு மாறும் முன்...

32 பிட் விண்டோஸை அப்படியே 64 பிட்டாக அப்டேட் செய்ய முடியாது. முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும். அதனால் முதல் வேலை பேக்கப். பத்து வருஷ டிசைன் கோப்புகள், கல்யாண போட்டோ, மகளின் புராஜெக்ட் என எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் சரிபாருங்கள். அதே பதிப்பு என்றால் ஏற்கெனவே உள்ள உரிமமே 64 பிட்டுக்கும் செல்லும். புது லைசன்ஸ் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ல் 32 பிட் வகையே கிடையாது. பல பழைய மெஷின்களில் விண்டோஸ் 11 ஏறாது. அந்த வீடுகளுக்கு 64 பிட் லினக்ஸ் ஒரு நல்ல வழி. காசில்லை, பழைய மெஷினிலும் ஓடும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழும் உண்டு. ஆனால் வீட்டில் பயன்படுத்துகிற டிசைன் மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் ரேம் வாங்குவது யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். செயற்கை நுண்ணறிவு மையங்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போவதால் 2025-ன் பிற்பகுதியிலிருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறியது. மைக்ரான் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்காக விற்றுவந்த க்ரூஷியல் பிராண்டையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. தேவையில்லாத ரேமுக்குக் கொடுக்கிற காசு முன்னைவிட அதிகமாக வலிக்கும் காலம் இது.

கடையில் ரேம் போடும்போது காசு கொடுக்கும் முன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முழு அளவும் பயன்படுகிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்த பிறகு பில் வாங்குங்கள். சேலையை விரித்துப் பார்க்காமல் வாங்குவோமா என்ன?

மொபைலில் '8 + 8' என்றால் 16-ஆ?

இதை மொபைலில் படிப்பவர்களுக்கும் ஒரு தகவல். "8 ஜிபி + 8 ஜிபி ரேம்" என்று பல போன்களின் பெட்டியில் எழுதியிருக்கும். முதல் 8 தான் நிஜ ரேம். இரண்டாவது 8, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய இடம். பரணைத் தறி என்று சொல்லி விற்பது போல. ரேமைவிட அதன் வேகம் மிகக் குறைவு. பின்னணியில் நாலு ஆப் கூடுதலாக நிற்கலாம், அவ்வளவுதான். போன் வாங்கும்போது முதல் எண்ணை மட்டும் பார்த்து ஒப்பிடுங்கள்.

நெசவும் நினைவகமும் பழைய சொந்தக்காரர்கள்

பட்டு நெய்கிற வீட்டில் கணினிக் கதை எதற்கு என்று தோன்றலாம். கணினியே தறியிடம் கடன் வாங்கியதுதான். 1804-ல் பிரான்ஸின் ஜக்கார்டு, ஓட்டை போட்ட அட்டைகளால் டிசைனைச் சொல்லும் தறியைக் கொண்டுவந்தார். ஓட்டை இருந்தால் இழை எழும், இல்லாவிட்டால் எழாது. அந்த அட்டை யோசனையைத்தான் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 240 கொக்கிக்கு ஓர் அட்டை என்றால் 240 பிட், அதாவது 30 பைட். ஆயிரம் அட்டை கொண்ட ஒரு டிசைன் முழுவதும் 30,000 பைட்தான். வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஒரு போட்டோ அளவுகூட வராது. ஆனால் அதே டிசைனைக் கணினியில் வண்ணப் படமாக, பக்கத்துக்குப் பத்தாயிரம் புள்ளி வீதம் திறந்தால் சுமார் 300 எம்பி ரேமைப் பிடிக்கும். ஜரிகைக்கு ஒன்று, கரைக்கு ஒன்று என்று அடுக்குகள் சேரச் சேர ஜிபி கணக்கில் ஏறும். நெசவு வீட்டுக்கு ரேம் ஏன் முக்கியம் என்பதற்கு இதுவே பதில்.

நிலாவுக்குப் போன அப்போலோ கணினியின் நிரல்களும் நெய்யப்பட்டவைதான். அமெரிக்காவின் வால்தம் நகரில் ரேதியான் தொழிற்சாலையில் பெண்கள் செம்புக் கம்பியைக் காந்த வளையங்களுக்குள் கோத்தார்கள். கம்பி வளையத்துக்குள் போனால் 1, வெளியே போனால் 0. மொத்தம் 36,864 சொற்கள் கொண்ட நிரந்தர நினைவகம். மாற்றி எழுதக்கூடியது வெறும் 2,048 சொற்கள். 1969 ஜூலை 20 அன்று நிலாவில் இறங்கும்போது 1202 என்ற எச்சரிக்கை ஒலித்தது. தேவையில்லாத ஒரு ரேடார் வேலை கணினியின் நேரத்தைத் தின்றதால், வேலைகள் முடியாமல் தேங்கி, நினைவகத்தில் இடம் தீர்ந்துபோனது. கணினி முக்கியமில்லாத வேலைகளைக் கைவிட்டு, இறங்குகிற வேலையை மட்டும் பிடித்துக்கொண்டது. ஈகிள் பத்திரமாகத் தரையிறங்கியது.

இருக்கிற இடத்தைச் சரியாகப் பயன்படுத்துவதுதான் அன்றும் இன்றும் பாடம். பழைய மடிக்கணினி மெதுவாக ஓடுகிறது என்றால் பர்ஸைத் திறக்கும் முன் பயாஸைத் திறந்து பாருங்கள். பத்து நிமிஷம்தான் ஆகும். அந்த வீட்டில் மிச்சமாகிற பணம் அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு உதவும்.